ஆஸ்டியோபோரோசிஸ் இருக்கிற அம்மா அமெரிக்கா போறாங்க, டிராவல் இன்சூரன்ஸ் எப்படி எடுக்கறது?

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா போட்டுடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும். அம்மாவுக்கு 66 வயசு, ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிஞ்சு சுலபமா உடையற நோய் இருக்கு, எலும்பு அடர்த்தி பார்க்கற டெக்ஸா ஸ்கேன்ல முதுகெலும்பு டி-ஸ்கோர் மைனஸ் 3.1 (மைனஸ் கூடக் கூட எலும்பு பலவீனம்), ரெண்டு வருஷம் முன்னாடி ஈர வாசல்ல வழுக்கி கையை ஊனி மணிக்கட்டு உடைஞ்சிருக்கு, அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை எலும்பு பலத்துக்கான சோலெட்ரானிக் ஆசிட் டிரிப் ஏத்திக்கறாங்க. அக்கா பிரசவத்துக்காக டல்லாஸ் போயி அஞ்சு மாசம் இருக்கப் போறாங்க. ஏஜெண்ட் வந்து "எலும்பு விஷயமெல்லாம் ஃபார்ம்ல போடாதீங்க சார், பிரீமியம் ஏறும், சில கம்பெனி தரவும் மாட்டான்"னு சொல்லியிருக்கார். பாலிசி கிடைக்குமா, நோயைச் சொல்லணுமா, இந்தியாவுல எடுக்கறதா அமெரிக்காவுல எடுக்கறதா, இதானே கேள்வி.

பாலிசி கிடைக்கும், அதுல சந்தேகமே வேண்டாம். நோயைக் கண்டிப்பா சொல்லணும். ஆனா இந்த ரெண்டையும் விட முக்கியமான ஒண்ணை நீங்களும் கேக்கல, ஏஜெண்ட்டும் சொல்லல. அம்மா அங்க விழுந்து எலும்பு உடைஞ்சா, கம்பெனி அதை ஆக்சிடென்ட்னு எடுத்துக்குமா, இல்ல ஏற்கெனவே இருந்த நோய்னு எடுத்துக்குமா? மொத்த விஷயமும் இந்த ஒரு கேள்வியில தான் நிக்குது. நான் வருஷக்கணக்கா வெளிநாட்டு மெடிக்கல் கிளெய்ம் ஃபைல் பார்க்கற வேலையில இருந்தவன், வயசானவங்க எலும்பு முறிவு கிளெய்ம் மாட்டிக்கறது பெரும்பாலும் இங்க தான்.

எப்படின்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன், பொறுமையா படிங்க. சுகர், பிரஷர் இருக்கறவங்களுக்கு ஹார்ட் அட்டாக் வந்தா அதுக்கும் பழைய நோய்க்கும் சம்பந்தம் உண்டா இல்லையான்னு வாதாட இடம் இருக்கும். ஆஸ்டியோபோரோசிஸ்ல அப்படி இல்ல, அந்த நோயோட விளைவே எலும்பு முறிவு தான், அது வரைக்கும் அந்த நோய் வெளியவே தெரியாது, வலிகூட இருக்காது. அதனால இந்த நோய் இருக்கிறவங்க எலும்பு உடைஞ்சுதுன்னு போய் நின்னா கம்பெனிக்கு முதல்ல தோணறதே "இது பழைய நோய்"ங்கறது தான். கரையான் அரிச்ச கதவைக் காத்து தள்ளிச்சுன்னா காத்தைக் குத்தம் சொல்லாதே, கரையானைச் சொல்லுங்கற மாதிரி பேசுவாங்க.

நம்ம ஊர் பாலிசிகள்ல இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை அமைப்பான ஐஆர்டிஏஐ கொடுத்திருக்கிற பொது விளக்கப்படி ஆக்சிடென்ட்னா திடீர்னு, எதிர்பாராம, நம்ம விருப்பம் இல்லாம, வெளியிலிருந்து வர்ற, கண்ணுக்குத் தெரியற, பலமான காரணத்தால நடக்கிற சம்பவம். காயம்னா அந்த மாதிரி காரணத்தால மட்டுமே, நேரடியா உண்டாகிற உடல் பாதிப்பு, அதுல நோய் சேராது. இந்த "மட்டுமே, நேரடியா"ங்கற இடத்தை நல்லா கவனிங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்தது வெளிக்காரணம் தான், ஆனா உடைஞ்சது அதனால மட்டுமேவா, எலும்பு பலமில்லாததும் காரணம் இல்லையான்னு கேக்க அந்த வரி இடம் கொடுக்குது.

அமெரிக்க ஆஸ்பத்திரி பக்கம் இன்னொரு விஷயம் இருக்கு, இது நம்ம ஆட்கள் யாருக்குமே தெரியறதில்ல. அங்க ஒவ்வொரு நோய்க்கும் ஐசிடி-10னு ஒரு கோட் போட்டு தான் பில் அனுப்புவாங்க. சாதாரணமா விழுந்து தொடை எலும்பு உடைஞ்சா எஸ்72ல தொடங்கற கோட், அது காயம்ங்கற வரிசை. ஆனா நோயாளிக்கு ஆஸ்டியோபோரோசிஸ் இருக்குன்னு ஏற்கெனவே தெரிஞ்சிருந்து, நல்ல எலும்பா இருந்தா உடையாத அளவு சின்ன விழுதல்ல உடைஞ்சிருந்தா, காயக் கோட் போடக் கூடாது, எம்80ல தொடங்கற கோட் தான் போடணும்னு அவங்க கோடிங் விதியே சொல்லுது. எம்80னா ஆஸ்டியோபோரோசிஸ், கூடவே நோயால வந்த முறிவு. அதாவது ஆஸ்பத்திரிக்காரன் எந்த கெட்ட எண்ணமும் இல்லாம விதிப்படி போட்ட ஒரு கோட், இன்சூரன்ஸ் கம்பெனி மேஜைக்கு வரும்போது "பழைய நோய்"ங்கற முத்திரையோட வந்து நிக்கும். அதனால தான் பாலிசி வாங்கற முன்னாடியே இதுக்கு பதில் எழுத்துல வாங்கணும்ங்கறேன். எப்படி வாங்கறதுன்னு கீழ சொல்றேன்.

இப்ப ஏஜெண்ட் சொன்ன "போடாதீங்க"க்கு வர்றேன். அவர் சொல்றதைக் கேக்காதீங்க. நேர்மைக்காக மட்டும் சொல்லல, மறைச்சாலும் அது மறையாது. அம்மா ஈஆருக்கு, அதாவது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனா நர்ஸ் முதல்ல கேக்கறதே என்ன மருந்து எடுக்கறீங்க, முன்னாடி எலும்பு உடைஞ்சிருக்கா, வேற என்ன நோய் இருக்குன்னு தான். வலியில இருக்கிற மனுஷி உண்மையைத் தான் சொல்லுவாங்க, சொல்லவும் வேணும், டாக்டருக்கு அது தெரியாம ஆபரேஷன் பண்ணக் கூடாது. எக்ஸ்ரே பார்த்தாலே எலும்பு மெலிஞ்சிருக்கறதை ரேடியாலஜிஸ்ட் ரிப்போர்ட்ல எழுதிடுவார். எல்லாம் சேர்ந்து கிளெய்மோட கம்பெனிக்குப் போகும், அவங்க இந்தியாவுல குடும்ப டாக்டர்கிட்ட பழைய ரெக்கார்டு கேப்பாங்க, டெக்ஸா ரிப்போர்ட் தேதி பாலிசி தேதிக்கு முன்னாடி இருக்கும். அவ்வளவு தான். எலும்புக்கு மட்டும் இல்ல, முக்கியமான விஷயத்தை மறைச்சீங்கன்னு சொல்லி பாலிசியையே செல்லாதுன்னு சொல்ல வாய்ப்பு இருக்கு, அப்ப அம்மாவுக்கு நிமோனியா வந்திருந்தாகூட காசு வராது.

சொன்னதால என்ன லாபம்ங்கறதுக்கு நல்ல உதாரணம் ஒண்ணு இருக்கு. 2021 டிசம்பர்ல உச்சநீதிமன்றம் ஒரு வெளிநாட்டு மெடிக்ளெய்ம் வழக்குல தீர்ப்பு கொடுத்தாங்க, சந்திரசூட், நாகரத்னா ரெண்டு நீதிபதி பெஞ்ச். அமெரிக்காவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவருக்கு சான் ஃபிரான்சிஸ்கோ ஏர்போர்ட்ல இறங்கினதும் ஹார்ட் அட்டாக், ஸ்டென்ட் வச்சாங்க, ரெண்டு லட்சம் டாலருக்கு மேல பில். அவர் பாலிசி எடுக்கும்போது சுகர் இருக்குன்னு சொல்லியிருந்தார், கம்பெனி மெடிக்கல் டெஸ்ட்டும் பார்த்து தான் பாலிசி கொடுத்திருந்தது, பின்னாடி கொலஸ்ட்ரால் மாத்திரை எடுத்ததைச் சொல்லலன்னு கிளெய்மை மறுத்துட்டாங்க. நீதிமன்றம் அதை ஒத்துக்கல. நோயாளி சொன்ன நோயைத் தெரிஞ்சு, பரிசீலிச்சு பாலிசி கொடுத்தப்புறம் அந்த நோயையே காட்டி மறுக்க முடியாதுன்னு சொல்லி அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. ஃபார்ம்ல சொன்னது தான் அவருக்குப் பின்னாடி கை கொடுத்துச்சு. அதனால ஃபார்ம்ல ஆஸ்டியோபோரோசிஸ்னே தெளிவா எழுதுங்க, "எலும்பு தேய்மானம்"னு பொதுவா எழுதிட்டா முழங்கால் ஆர்த்ரைடிஸ்னு எடுத்துக்குவாங்க, ஏஜெண்ட் டைப் பண்ணும்போது பெரும்பாலும் அப்படித்தான் ஆயிடுது. டைப் பண்ணின ப்ரொபோசல் (விண்ணப்ப) காப்பியை வாங்கி ஒரு தடவை நீங்களே படிச்சுப் பாருங்க. மணிக்கட்டு உடைஞ்ச மாசமும் வருஷமும் எழுதுங்க, மருந்துப் பேரு எழுதுங்க.

இன்னொண்ணு, சிலர் "36 மாசத்துக்கு முந்தின நோய்னா சொல்ல வேண்டாம்"னு சொல்லுவாங்க. அது 2024ல ஐஆர்டிஏஐ கொண்டு வந்த விதியிலிருந்து வர்ற குழப்பம், இந்தியாவுக்குள்ள எடுக்கற ஹெல்த் பாலிசிக்கான கணக்கு அது. வெளிநாட்டு டிராவல் பாலிசிக்கு அந்த விளக்கம் பொருந்தாது, ஒவ்வொரு டிராவல் பாலிசியும் தன்னோட வார்த்தையில தனியா விளக்கம் வச்சிருக்கும். அதே மாதிரி "எங்ககிட்ட ஃபேமிலி ஹெல்த் பாலிசி இருக்கே"ன்னும் நினைக்காதீங்க, சாதாரண ஹெல்த் பாலிசி இந்தியாவை விட்டு வெளிய வேலை செய்யாது.

அடுத்தது எங்க வாங்கறது. இந்தியாவுல வாங்கற பாலிசியில பிரீமியம் கம்மி, ப்ரொபோசல் ஃபார்ம் இருக்கும், தகராறு வந்தா நம்ம ஊர்லயே புகார் கொடுக்கலாம். ஆனா 60 வயசுக்கு மேல போறவங்களுக்கான பல பாலிசியில சப்-லிமிட்னு ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். மேல 1,00,000 டாலர்னு பெருசா போட்டிருக்கும், உள்ள போனா ரூமுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தான், ஆபரேஷனுக்கு இவ்வளவு தான், மயக்க டாக்டருக்கு அதுல இத்தனை சதவீதம் தான்னு இருக்கும், அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லுக்கு முன்னாடி அந்தத் தொகை ஒண்ணுமே இல்ல. பழைய நோய்க்கு உயிருக்கு ஆபத்தான நிலைமையில மட்டும் தருவோம்னு ஒரு வரி பல பாலிசியில இருக்கும். இடுப்பு எலும்பு உடைஞ்சது உயிருக்கு ஆபத்தான்னு கேட்டா, டாக்டர் யாரும் அதை லேசா எடுத்துக்க மாட்டாங்க, வயசானவங்களுக்கு அது எவ்வளவு பெரிய அடின்னு அவங்களுக்குத் தெரியும், ஆனா பாலிசி வார்த்தையில அது தேறுமாங்கறது வேற. இந்தியப் பாலிசியை விமானம் ஏறற முன்னாடியே வாங்கிடணும்ங்கறதையும் ஞாபகம் வச்சுக்குங்க.

அமெரிக்காவுல இருந்து வாங்கற விசிட்டர் இன்சூரன்ஸை அக்காவே ஆன்லைன்ல வாங்கலாம், அம்மா போய் இறங்கினப்புறமும் வாங்கலாம், ஆனா நேத்து விழுந்துட்டு இன்னைக்கு வாங்கினா அந்த முறிவுக்கு வராது. இங்க பெரும்பாலும் மெடிக்கல் கேள்வியே கேக்க மாட்டாங்க, வயசு, தேதி, பாஸ்போர்ட் கொடுத்தா அஞ்சு நிமிஷத்துல பாலிசி வந்துடும். கேள்வி கேக்கலன்னு சந்தோஷப்பட்டுடாதீங்க, கேக்காம தர்றதுக்குக் காரணம் பழைய நோய் எல்லாத்தையும் மொத்தமா ஒதுக்கி வச்சிருக்காங்கங்கறது தான், பரிசோதனை கிளெய்ம் வர்ற அன்னைக்கு நடக்கும்.

அதுல ஃபிக்ஸட்னு ஒரு வகை, காம்ப்ரிஹென்சிவ்னு ஒரு வகை. ஃபிக்ஸட் பிளான் மலிவா இருக்கும், ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு டாலர்னு ஒரு அட்டவணை, பாக்கியெல்லாம் உங்க தலையில. எலும்பு பலவீனமா இருக்கறவங்களுக்கு அதை நான் சொல்லவே மாட்டேன், ஏன்னா உங்க பயம் காய்ச்சல் இருமல் இல்ல, ஆம்புலன்ஸ், ஸ்கேன், ஆபரேஷன், உள்ள வைக்கற கம்பி, பிசியோதெரபின்னு நீளற ஒரே ஒரு பெரிய பில். காம்ப்ரிஹென்சிவ் எடுங்க, அதுல முதல்ல நீங்க கட்ட வேண்டிய டிடக்டிபிள் போக, கொஞ்சம் பங்கு போக, பாக்கியை மேக்ஸிமம், அதாவது பாலிசியோட மொத்தத் தொகை வரைக்கும் அவங்க பார்த்துக்குவாங்க, பிபிஓ நெட்வொர்க்னு கம்பெனியோட ஒப்பந்தம் இருக்கிற ஆஸ்பத்திரின்னா நேரடியாவே பில் போகும்.

இந்த அமெரிக்க பிளான்கள்ல பழைய நோய்க்கு ஒரு சின்ன வாசல் வச்சிருப்பாங்க, அக்யூட் ஆன்செட்னு பேரு. பழைய நோய் திடீர்னு, முன்னறிகுறியே இல்லாம, சட்டுனு மோசமாகி, அவசர சிகிச்சை தேவைப்பட்டு, 24 மணி நேரத்துக்குள்ள போய் சிகிச்சை எடுத்தா தருவோம்ங்கறது. அதுக்கு வயசு வரம்பு உண்டு, பல பிளான்ல 70 வயசோட அது நின்னுடும் இல்லன்னா தொகை ரொம்பக் குறைஞ்சுடும், அம்மாவுக்கு 66ங்கறதால இப்ப அந்தக் கதவு திறந்திருக்கு. எலும்புக்கு இதை வச்சுப் பார்த்தா பாத்டப்புல வழுக்கி இடுப்பு உடைஞ்சு உடனே ஆம்புலன்ஸ்ல போறது அந்த விளக்கத்துக்குள்ள வரணும்னு வாதாட நல்ல இடம் இருக்கு. ஆனா முதுகெலும்பு முறிவு இருக்கே, அது தான் பிரச்சனை. குனிஞ்சு ஒரு பெட்டியைத் தூக்கினாலே, சில சமயம் ஒண்ணுமே பண்ணாமலேகூட, முள்ளெலும்பு அமுங்கிப் போகும். நம்ம அம்மாக்கள் "முதுகு பிடிச்சுக்கிச்சு"ன்னு தைலம் தேய்ச்சுட்டு நாலு நாள் படுத்திருப்பாங்க, மகளுக்கு இப்ப தான் குழந்தை பிறந்திருக்கு, அவளை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு வாயே திறக்க மாட்டாங்க. அஞ்சாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனா 24 மணி நேரம் போச்சு, படிப்படியா வந்த வலின்னு எழுதிட்டா அக்யூட் ஆன்செட்டும் போச்சு. நாள்பட்ட நோய், மெல்ல மெல்ல மோசமாகிற நோய் இதுல சேராதுன்னு அதே பத்தியில எழுதியிருப்பாங்க, ஆஸ்டியோபோரோசிஸை அதுக்குள்ள தள்ளறது கம்பெனிக்கு சுலபம். அதனால திடீர்னு முதுகு வலி வந்தா அன்னைக்கே சொல்லணும்னு அம்மாகிட்ட இப்பவே பேசி வைங்க. இது இன்சூரன்ஸுக்காக மட்டும் இல்ல, அவங்க முதுகுக்காகவும் தான்.

எழுத்துல பதில் வாங்கறதுன்னு சொன்னேன்ல, அது இப்படி. போன்ல கேக்காதீங்க, போன்ல எல்லாருமே "கவர் ஆகும் சார்"னு தான் சொல்லுவாங்க. கம்பெனியோட கஸ்டமர் சர்வீஸுக்கு மெயில் போடுங்க, ஏஜெண்ட்டுக்கு இல்ல. அம்மாவுக்கு ஆஸ்டியோபோரோசிஸ் இருக்கு, டி-ஸ்கோர் இவ்வளவு, இந்த வருஷம் மணிக்கட்டு உடைஞ்சது, இந்த மருந்து எடுக்கறாங்கன்னு எழுதிட்டு நேரா கேளுங்க: பயணத்துல தவறி விழுந்து எலும்பு உடைஞ்சா அதை ஆக்சிடென்ட் காயமா எடுப்பீங்களா இல்ல ஏற்கெனவே இருந்த நோயா எடுப்பீங்களா, ஆஸ்பத்திரி எம்80 கோட் போட்டா உங்க பதில் மாறுமா, நோய்னு எடுத்தா அதிகபட்சம் எத்தனை டாலர் தருவீங்க, பாலிசியோட எந்த கிளாஸ், அதாவது ஷரத்துப்படி. சிலர் பதிலே தர மாட்டாங்க, சிலர் பாலிசி வார்த்தையை அப்படியே ஒட்டி அனுப்புவாங்க, அதுவே உங்களுக்கு ஒரு பதில் தான், அந்தக் கம்பெனியைத் தள்ளி வச்சுட்டு அடுத்ததைப் பாருங்க. தெளிவா பதில் தர்ற ஒரு கம்பெனி கிடைச்சா பிரீமியம் கூட இருந்தாலும் அதை எடுங்க. அந்த மெயிலை பிரிண்ட் எடுத்து பாலிசியோட வச்சிருங்க.

என் அபிப்பிராயம் கேட்டா, இந்தியக் கம்பெனி ஒண்ணு எலும்பு முறிவைக் காயமா எடுப்போம்னு எழுதிக் கொடுத்து, சப்-லிமிட்டும் இல்லன்னா அதை எடுங்க. கொடுக்கலன்னா அமெரிக்க காம்ப்ரிஹென்சிவ் பிளான், அக்யூட் ஆன்செட்டுக்கு மேக்ஸிமம் முழுசா தர்றதா பார்த்து. தொகை 1,00,000 டாலருக்குக் கீழ வேண்டாம், முடிஞ்சா 2,50,000 எடுங்க. 50,000 டாலர் பார்க்க பெருசா தெரியும், ஆனா இடுப்பு ஆபரேஷனும் ஒரு வாரம் ஆஸ்பத்திரியும் பல்லாயிரம் டாலர் விஷயம், அதுக்கு மேல ஏதாவது சிக்கல் வந்தா அந்தத் தொகை காணாமப் போயிடும். 50,000க்கும் 1,00,000க்கும் நடுவுல பிரீமியம் வித்தியாசத்தைப் போட்டுப் பாருங்க, நீங்க நினைக்கிற அளவு இருக்காது. டிடக்டிபிளை கொஞ்சம் கூட வச்சுக்கிட்டா பிரீமியம் இறங்கும், சின்னச் செலவை கையிலிருந்து போட்டுக்கலாம்.

ஊருக்குத் திருப்பிக் கொண்டு வர்ற செலவு பாலிசியில எவ்வளவுன்னும் பாருங்க. இடுப்பு உடைஞ்சவங்களை ஸ்ட்ரெச்சர்ல கொண்டு வரணும்னா விமானத்துல பல சீட்டைச் சேர்த்து எடுக்கணும், கூட ஒரு நர்ஸோ டாக்டரோ வரணும், சாதாரண டிக்கெட் கணக்குல நினைக்காதீங்க. ஆபரேஷன் முடிஞ்ச கையோட நீண்ட விமானப் பயணத்துக்கு டாக்டர் விடவும் மாட்டாங்க, காலுல ரத்தம் கட்டற அபாயம் இருக்கு. அதனால அஞ்சாம் மாசக் கடைசியில விழுந்தா பாலிசி தேதி முடிஞ்சும் அங்கேயே இருக்க வேண்டி வரும், பாலிசியை முடியற முன்னாடி நீட்டிக்க முடியுமா, ஆஸ்பத்திரியில இருக்கும்போது தேதி முடிஞ்சா என்ன ஆகும்னு பாருங்க. அங்க எதுவரைக்கும் தங்கலாம்னு காட்டற ஐ-94ல கொடுத்திருக்கிற தேதியும் தாண்டற மாதிரி இருந்தா அது முடியற முன்னாடியே தங்கறதை நீட்டிக்கற ஐ-539 ஃபார்ம் போடணும், அக்காவுக்கு இது தெரிஞ்சிருக்கட்டும்.

மருந்து விஷயத்துக்கு வர்றேன். வழக்கமான மருந்துக்கும் செக்கப்புக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கும் பெரும்பாலான டிராவல் பாலிசி காசு தராது, அவசரத்துக்கு மட்டும் தான். கால்சியம், வைட்டமின் டி எல்லாம் அஞ்சு மாசத்துக்கு இங்கேயே வாங்கி, அட்டையோட, கெமிக்கல் பேரு எழுதின பிரிஸ்கிரிப்ஷனோட கை பேக்ல கொடுத்து விடுங்க. சோலெட்ரானிக் டிரிப் எந்த மாசம் வருதுன்னு டாக்டர்கிட்ட பேசி, பயணத்துக்கு முன்னாடி வர்ற மாதிரி இருந்தா கொஞ்சம் வாரம் இடைவெளி விட்டு முடிச்சுடுங்க, ஏத்தின மறுநாளே விமானம் வேண்டாம், காய்ச்சல் உடம்பு வலி ரெண்டு மூணு நாளைக்கு வரலாம். படிக்கிற வேற யாராவது வீட்டுல ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போடற டெனோசுமாப் ஊசி போட்டுக்கிட்டு இருந்தா இன்னும் கவனமா இருக்கணும், அதைத் தள்ளிப் போட்டாலோ நிறுத்தினாலோ முதுகெலும்பு அடுத்தடுத்து உடையற அபாயம் இருக்கு, அங்க அந்த ஊசி விலை ரொம்ப அதிகம், பாலிசியும் பெரும்பாலும் தராது. கிளம்பற முன்னாடி போட்டுட்டு அடுத்த தேதிக்குள்ள திரும்பற மாதிரி டிக்கெட் போடுங்க. டெரிபாரடைடு பேனா ஊசின்னா 2லிருந்து 8 டிகிரி குளிர்ல வைக்கணும், ஐஸ் பேக் பையும் டாக்டர் லெட்டரும் கட்டாயம்.

டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்குங்க, அதுல நோய் எப்ப கண்டுபிடிச்சாங்க, இப்ப நிலைமை சீரா இருக்கு, பயணம் பண்ணலாம்னு இருக்கணும். "பயணத்துக்குத் தகுதி"ங்கற வரி பின்னாடி ரொம்ப உதவும், டாக்டர் வேண்டாம்னு சொல்லியும் போனாங்கன்னு கிளெய்மை மறுக்கறதும் உண்டு. மருந்தை மாத்தறதா இருந்தாலோ புது ஸ்கேன் எடுக்கறதா இருந்தாலோ பாலிசி வாங்கற முன்னாடியே முடிச்சு, அந்தப் புது விவரத்தோட ஃபார்ம் போடுங்க. பாலிசிக்காக சிகிச்சையை மட்டும் தள்ளிப் போடாதீங்க.

அம்மா விழாம இருக்கறதுக்கும் ரெண்டு வார்த்தை. விமானத்துல வீல்சேர் உதவி காசு இல்லாமத் தான் தர்றாங்க, ரெண்டு நாள் முன்னாடியே ஏர்லைன்ஸ்ல சொல்லிடுங்க, "எனக்கென்ன நான் நல்லா தானே நடக்கறேன்"னு அம்மா சொல்லுவாங்க, கேக்காதீங்க, பெல்ட்டுல இருந்து 23 கிலோ பெட்டியை அவங்க இழுக்கவே கூடாது. அங்க பல வீட்டுல குளிக்கணும்னா பாத்டப் விளிம்பைத் தாண்டி ஏறி இறங்கணும், ஈரக் காலோட அது ரொம்ப ஆபத்து. அக்காகிட்ட சொல்லி உள்ள ரப்பர் மேட், சுவத்துல கைப்பிடி, ராத்திரிக்கு சின்ன லைட், இதெல்லாம் அம்மா போய் சேர்றதுக்குள்ள பண்ணி வைக்கச் சொல்லுங்க. குழந்தையைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி இறங்கறதை அக்கா வீட்டுக்காரர் பார்த்துக்கட்டும்.

அப்படியும் விழுந்துட்டா, முதல்ல அங்கத்த அவசர உதவி நம்பர் 911க்கு போன். அமெரிக்காவுல 1986ல இருந்து எம்டாலான்னு ஒரு சட்டம் இருக்கு, அவசரமா வந்தவங்களை காசு, இன்சூரன்ஸ் பார்க்காம பரிசோதிச்சு நிலைப்படுத்தியே ஆகணும், பில் பின்னாடி வரும். அதே நாள் பாலிசியில இருக்கிற அசிஸ்டன்ஸ் நம்பருக்கு அக்கா போன் பண்ணி ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கணும், தாமதமானா அதையே காரணம் காட்டுவாங்க. ஈஆர்ல எப்படி விழுந்தாங்கன்னு சொல்லும்போது நடந்ததை முழுசா சொல்லணும். நம்ம ஊர் அம்மாக்கள் "சும்மா தான்மா விழுந்தேன்"னு சொல்லிடுவாங்க, அங்க உடனே சின்ன விழுதல்னு எழுதிடுவாங்க, உண்மையில மூணு படி உருண்டிருப்பாங்க. எவ்வளவு உயரம், எந்தத் தரை, எதுல மோதினாங்கன்னு அக்கா கூட நின்னு உள்ளதை உள்ளபடி சொல்லட்டும், கூட்டியும் வேண்டாம், குறைச்சும் வேண்டாம். எம்80யா எஸ்72வாங்கறது அந்த நாலு வரியில தான் போகுது.

கிளெய்ம் மறுத்தா, இந்தியப் பாலிசின்னா முதல்ல கம்பெனியோட குறை தீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்க. ஒரு மாசத்துல பதில் வரலன்னாலோ வந்த பதில் சரியில்லன்னாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்னு இருக்கிற குறைதீர் அதிகாரிகிட்ட போகலாம், தமிழ்நாட்டுக்கு சென்னையில ஆபீஸ் இருக்கு. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரைக்கும் பார்ப்பாங்க, கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள்ள போகணும். ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா தளத்துலயும் 155255ங்கற நம்பர்லயும் புகார் பதியலாம். அமெரிக்க பிளானுக்கு இந்த வழி கிடையாது, அந்தக் கம்பெனிக்கே அப்பீல் போடணும், அங்க ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட விழுந்த வேகத்துக்கு நல்ல எலும்பும் உடைஞ்சிருக்கும்னு லெட்டர் கிடைச்சா அது தான் பெரிய பலம்.

வேற நாட்டுக்கு அனுப்பறவங்களுக்கு சுருக்கமா. ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவுக்கு குறைஞ்சது 30,000 யூரோ பாலிசி கட்டாயம், ஆனா விசாவுக்குப் போதுமானது அம்மாவுக்குப் போதும்னு அர்த்தம் இல்ல. பெத்தவங்க, தாத்தா பாட்டிக்கான கனடா சூப்பர் விசாவுக்கு குறைஞ்சது 1,00,000 கனடா டாலர், ஒரு வருஷத்துக்கு. அங்க ஸ்டேபிளிட்டி பீரியட்னு ஒண்ணு பார்ப்பாங்க, பயணத்துக்கு முன்னாடி குறிப்பிட்ட மாசங்கள்ல மருந்தோ அளவோ மாறியிருந்தா அந்த நோயைச் சேர்க்க மாட்டாங்க. இங்கிலாந்துல விசிட்டருக்கு ஈஆர் இலவசம், அட்மிட் ஆனப்புறம் அந்த நாட்டு அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் வழக்கமான கட்டணத்துல 150 சதவீதம் போடும்.

பயணத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே மெயிலை அனுப்பிடுங்க தம்பி, பதில் வர சில சமயம் பத்து நாள்கூட ஆகும். வந்ததும் பழைய நோய் பத்தியும் ஆக்சிடென்ட் பத்தியும் இருக்கிற ரெண்டு கிளாஸையும் அப்படியே டைப் பண்ணிப் போடுங்க, எதை எடுக்கலாம்னு வரி வரியா பார்த்து சொல்றேன்.